துண்டுக்கு அடியில் ஆறு

என் மனைவி சுகந்தி வாழ்நாளில் ஒரு பொருளுக்கும் பேரம் பேசியதில்லை. தக்காளிக்காரன் சொன்ன விலையை அப்படியே எடுத்து நீட்டுவாள். சொன்ன பாவத்துக்கு அவனே வெட்கப்பட்டு இரண்டு பச்சைமிளகாயைக் கூடப் போட்டுவிடுவான். அவளுடைய அப்பா கடைகடையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தும் அரசாங்க ஆய்வாளர். அந்த வீட்டில் பிறந்தவளுக்கு ஒரு கிலோ என்றால் ஒரு கிலோதான்.

நான் மாட்டுத் தரகர் வீட்டுப் பிள்ளை. பெயர் சென்னியப்பன். ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் எங்களுக்கு மூன்று தலைமுறைத் தொழில். எங்கள் வீட்டில் மணி என்ன என்று கேட்டால்கூட ‘நீ எத்தனைன்னு நெனைக்கறே?’ என்றுதான் பதில் வரும். பெண் பார்க்கப் போன அன்று என் சித்தப்பா என் வயதில் இரண்டைக் குறைத்துச் சொன்னார். பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டதற்கு மாமனார் வருடம், மாதம், நாள் மூன்றையும் சொன்னார். சித்தப்பா ஆடிப்போய்விட்டார். “இவுங்ககூட எப்படிடா சம்பந்தம் பண்றது? எதைக் கொறைக்கறதுன்னே தெரியலையே” என்று என் காதில் முனகினார்.

அந்தப் பழக்கத்தால்தான் சுகந்தி செத்துப்போனாள். அவளுடைய பழக்கமா என்னுடையதா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆண்டுக்கு ஒரு நாள் எல்லோரும் நலப் பரிசோதனைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் காப்பீடு கிடையாது. டாக்டரின் மேசைமேல் தேங்காய் அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். காதுப்பெட்டி என்போம். காது மட்டுமல்ல, ஒரு கண்ணும் அதற்கு உண்டு. டாக்டரும் நாமும் பேசுவதைக் கேட்டு, அந்தச் சந்திப்புக்கு என்ன எண் போடுவது என்று அதுவே முடிவுசெய்யும். அந்தக் காலத்தில் இதற்கென்று ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருப்பாராம். மனிதர் என்றால் கெஞ்சலாம், டீ வாங்கித் தரலாம், நம்ம ஊரா என்று விசாரிக்கலாம். பெட்டிக்கு எந்த ஊர்?

ஒன்றாம் எண் விழுந்தால் நலப் பரிசோதனை. எல்லாம் இலவசம். ஏழாம் எண் விழுந்தால் புகார். ‘இங்கே நோவுது’ என்று நம் வாயால் சொல்லிவிட்டால் போதும், அது பரிசோதனை இல்லை, வைத்தியம் கேட்டு வந்ததாகிவிடும். அன்றைய செலவு நம் தலையில். அதோடு போனால் பரவாயில்லை. குடும்பத்துக்கே ஐந்து வருடம் காப்பீடு கால்வாசியாகிவிடும். ‘ஏழு விழுந்த வீடு’ என்று தெருவில் பெயர் வந்துவிடும்.

எங்கள் எதிர்வீட்டுப் பழனிவேலு பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அத்தனை நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தவர், எல்லாம் முடிந்து செருப்பு மாட்டக் குனிந்தபோது “இந்த முட்டிதான் கொஞ்சம்...” என்றார். ஏழு.

அதனால் நலமையத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் கல்யாண வீடு போலிருக்கும். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. காலில் கட்டோடு ஒருவர் வந்திருந்தார்.

“என்னங்க கட்டு?” என்று கேட்டேன்.

“சும்மா அழகுக்குங்க” என்றார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

எங்கள் வீட்டில் ஏழு விழவே கூடாது. ஒரே மகள் நிறைமதிக்கு எட்டு வயதிலிருந்து சர்க்கரை. இடுப்பில் ஒரு பம்பு இருக்கிறது. ரத்தத்தைத் தானே பார்த்து மருந்தைத் தானே செலுத்தும். ஒன்றாம் எண் வீடுகளுக்குத்தான் அந்தப் பம்பு. ஒருமுறை அது பழுதாகி ஆறு மாதம் ஊசியில் இருந்தபோது இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். இரண்டாவது தடவை அவள் கண் திறக்க நான்கு நாளாயிற்று. அந்த நான்கு நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் நோகவில்லை.

ஒரு வருடம் பரிசோதனைக்குப் பத்து நாள் முன்பு எனக்கு நெஞ்சில் லேசாக ஒரு பாரம். சொல்ல முடியாது. அந்த வாரச் சந்தையில் தோள் துண்டை விரித்து, அதற்கு அடியில் ஒரு வியாபாரியின் விரல்களைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் நூறு பேர் நின்றாலும் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் விலை தெரியாது. நான் பிடித்த விரல்களையே அவர் திருப்பிப் பிடித்தால் விலை படிந்தது என்று அர்த்தம். அன்று அவர் திருப்பிப் பிடித்த அந்த நிமிடத்தில்தான் எனக்கு யோசனை வந்தது.

நலமையத்தின் டாக்டர் எஸ்தர் நாகர்கோவில் பக்கத்துப் பெண். மதியம் எதிரே இருக்கும் டீக்கடைக்கு வருவார். அங்கே போய்ப் பிடித்தேன்.

“ஏனுங் டாக்டரம்மா, நாங்க சொன்னா ஏழு. நீங்களா கையை வெச்சுக் கண்டுபுடிச்சா?”

“நானா கண்டுபிடிச்சா ஒண்ணுதான். ஸ்கேன், ஆப்பரேஷன் வரைக்கும் எல்லாம் அதுலயே வந்துரும். ஆனா எங்க கையை வைக்கணும்னு நீங்க சொல்ல மாட்டீங்களே. தலையில இருந்து கால்வரைக்கும் தேட எனக்கு நேரம் ஏது? ஒரு ஆளுக்கு ஒன்பது நிமிஷம்.”

“வாயில சொன்னாத்தானுங்க பொட்டிக்குக் கேக்கும்?” என்று சொல்லி, துண்டை விரித்து, டீ கிளாசை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, விரலைப் பிடித்துக் காட்டினேன். முதலில் இடம். கட்டைவிரல் என்றால் தலை, ஆள்காட்டி நெஞ்சு, நடுவிரல் வயிறு, மோதிரவிரல் அடிவயிறு, சுண்டுவிரல் கைகால். அப்புறம் எவ்வளவு நோவு என்பது, பத்துக்கு எத்தனை என்று. ஐந்துக்கு மேலே என்றால் ஐந்தைப் பிடித்து, விட்டு, மிச்சத்தைப் பிடிப்பது.

டாக்டர் சிரித்துவிட்டார். “நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடிச்சுக்கலாம். மேல துண்டு கிடந்தா பெட்டி என்ன நினைக்கும்?”

“ஈரோட்டுக்காரன், துண்டு இல்லாம வரமாட்டான்னு நெனச்சுக்கும்.”

அந்த வாரமே என் பரிசோதனை. ஆள்காட்டி விரலைப் பிடித்தேன். உண்மையில் இருந்தது நான்கு. நான் காட்டியது ஐந்தும் ஐந்தும் பத்து. கேட்பதைக் கூட்டிக் கேட்பது எங்கள் ரத்தம். டாக்டர் குழலை நெஞ்சில் வைத்துவிட்டு, பெட்டிக்குக் கேட்கும்படி “இதயத் துடிப்பில் சிறு மாறுபாடு காண்கிறேன்” என்றார். ஒன்றாம் எண். ஸ்கேனில் இரண்டு இடத்தில் அடைப்பு. இன்றைக்கு நான் உயிரோடு இருப்பது அந்தப் பொய்யால்தான்.

விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. டாக்டர் துண்டுக்கு அடியில் எத்தனையோ பேரைக் காப்பாற்றினார். ஆனால் ஒரு வருடத்தில் மறுபடி டீக்கடையில் வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“சென்னியண்ணா, எல்லாரும் கூட்டிக் கூட்டித்தான் காட்டுறாங்க. ஏப்பம் வந்தாலும் ஆறு. மாசத்துக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல நான் எதையாவது ‘கண்டுபிடிச்சா’ என்மேல விசாரணை வந்துரும். எந்தப் பன்னிரண்டைப் பிடிக்கிறது?”

தொழில் தெரிந்தவனிடம் யோசனை கேட்டால் வரும் பெருமை இருக்கிறதே, அது பொல்லாதது.

“பாதி வெட்டுங்க” என்றேன். “பத்துன்னா அஞ்சு, எட்டுன்னா நாலு. வெட்டுனதுக்கப்புறமும் நாலுக்குக் கொறையாம நிக்கறதுதான் மாடு. மத்ததெல்லாம் வெறும் மணிச் சத்தம்.”

“எல்லாருக்கும் பாதியா?”

“எங்க தரகன் வீட்டு ஆளுக வந்தா மூணுல ஒரு பங்குதான் எடுத்துக்கோணும். நாங்க பொறந்தப்பவே ரெண்டு மடங்காத்தான் அழுவோம்.”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கிளம்பும்போது மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: “இந்த வெட்டு நமக்குள்ள இருக்கட்டும். தெரிஞ்சா நாளைக்கே இருவதுன்னு காட்ட ஆரம்பிச்சிருவானுக.”

தரகன் தன் வெட்டை யாரிடமும் சொல்லமாட்டான். பெண்டாட்டியிடம்கூட. நானும் சொல்லவில்லை.

அடுத்த பங்குனியில் சுகந்தியின் பரிசோதனை வந்தது. கிளம்பும்போது “ஏனுங்க, உங்க துண்டைக் குடுங்க” என்றாள். வேலைக்கு ஆகாத பழக்கம் என்று எத்தனையோ தடவை என் துண்டைப் பழித்தவள். பச்சைக் கரை போட்ட துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தாள்.

“உனக்கென்னடி துண்டு? உனக்கு எங்க நோவுது?”

“உள்ள போறவங்க எல்லாரும் கொண்டுபோறாங்களே” என்றாள்.

திரும்பி வந்தபோது ஒன்றாம் எண் சீட்டு கையில் இருந்தது. “என்ன சொன்னாங்க டாக்டரம்மா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லலீங்க. நல்லா இருக்கறதாத்தான் எழுதியிருக்குது.”

“துண்டுல ஏதாச்சும் காட்டுனியா?”

“உள்ளதைக் காட்டுனேன்.”

எத்தனை என்று கேட்க வாய் திறந்தேன். அதற்குள் ஆட்டோ சந்து முனையில் நின்றது. எலுமிச்சம்பழக்காரி ஒரு பழம் பத்து ரூபாய் என்றாள். சுகந்தி ஒரு வார்த்தை பேசாமல் ஐந்து பழத்துக்கு ஐம்பதை எடுத்துக் கொடுத்தாள். “உன்னைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனா மாட்டுக்காரன் கயித்துக்கும் தனியாக் காசு வாங்கிப்போடுவான்” என்று நான் ஆரம்பித்தேன். வீடு வரும்வரை கேலி செய்துகொண்டே வந்தேன். அவளும் சிரித்துக்கொண்டே வந்தாள். கேட்க நினைத்தது போயே போய்விட்டது.

டாக்டரே ஒன்றும் இல்லை என்றுவிட்டாரே என்று அவள் இருந்துவிட்டாள். அவள் ஒன்றும் சொல்லவில்லையே என்று நான் இருந்துவிட்டேன்.

ஆவணியில் ஒரு காலை, துணி காயப்போடும்போது கொடிக்கம்பியைப் பிடித்தபடியே சரிந்தாள். கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மயங்கி விழுந்தவர்களுக்கு மூன்றாம் எண். அதற்கு வீட்டின் காப்பீடு குறையாது. விழுந்தால் குற்றமில்லை, விழப்போகிறேன் என்று சொன்னால்தான் குற்றம். மகளின் பம்புக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்ததே, அதற்காக இன்றும் என்னை நானே மன்னிக்கவில்லை.

அடிவயிற்றில் கட்டி. ஈரல்வரை போய்விட்டது. “ஒரு அஞ்சாறு மாசம் முன்னாடி பார்த்திருந்தா” என்று பெரிய டாக்டர் ஆரம்பித்து, நிறைமதியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மகளை டீ வாங்க அனுப்பிவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

“எப்பயிருந்து சுகந்தி?”

“தை கடைசியில இருந்து.”

“அப்ப பங்குனியில டாக்டரம்மாகிட்டக் காட்டுனியா?”

“காட்டுனனே. மோதிரவிரலு. அப்புறம் அஞ்சு, ஒண்ணு. ஆறு.”

ஆறில் பாதி மூன்று.

“ஏன் புள்ள பத்துன்னு காட்டல?”

என்னை ஒரு விதமாகப் பார்த்தாள். கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல. “ஆறுதானுங்களே இருந்துச்சு.”

நான் தலை குனிந்துகொண்டேன். அவளே கேட்டாள். “நான் புடிச்சது சரியில்லையோ? டாக்டரம்மாவுக்குப் புரியலையோ என்னமோ. எனக்கு உங்களாட்டம் புடிக்கத் தெரியாது.”

“ஆமா புள்ள. அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது” என்றேன்.

எத்தனை ஆயிரம் பேரிடம் எத்தனை பொய் சொல்லி மாடு விற்றிருக்கிறேன். எதுவும் அந்த ஒரு பொய்போலத் தொண்டையில் நின்றதில்லை.

“வெசனப்படாதீங்க. நெறைக்குப் பம்பு இருக்குதுல்ல?”

“இருக்குது.”

“அப்புறமென்ன.” போர்வைக்கு அடியில் கையை நகர்த்தி என் கையைத் தேடினாள். “இப்ப எத்தனைன்னு கேக்க மாட்டீங்களா?”

கேட்டேன். ஐந்து விரலையும் பிடித்தாள். விட்டாள். மறுபடி நான்கைப் பிடித்தாள். கட்டைவிரலை மட்டும் தொடவில்லை.

“ஒம்போதா?”

“பத்துன்னு சொன்னாப் பொய்யாயிரும். இதுக்கு மேலயும் ஒண்ணு இருக்குமாட்ட இருக்குது” என்றாள்.

அந்த ஒன்றும் புரட்டாசியில் வந்தது. பதினோரு நாள் இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு டீக்கடைக்குப் போனேன். டாக்டர் எஸ்தர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“எனக்கு ஞாபகம் இருக்குண்ணா” என்றார். “மோதிரவிரல். அஞ்சு, அப்புறம் ஒண்ணு. அந்த மாசம் பத்துப் பேர் முடிஞ்சு இன்னும் ரெண்டு இடம் இருந்துச்சு.”

“ஆறுல பாதி மூணு. நாலு வரலை. நான் சொன்ன கணக்குத்தானுங்க.”

டாக்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். “மூணுன்னு எடுத்திருந்தாக்கூட ஒரு தடவை கையை வச்சுப் பார்த்திருப்பேன். மூணுன்னா எனக்குச் சந்தேகம் வந்திரும்” என்றார். “ரெண்டுன்னு எடுத்துக்கிட்டேன்.”

“ஆறுல பாதி எப்படிங்க ரெண்டாகும்?”

“சென்னியண்ணன் வீட்டு ஆளுன்னு...” பெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “மூணுல ஒரு பங்குன்னு இதே பெஞ்சுல உக்காந்து நீங்கதானே சொன்னீங்க.”

டீக்கடைக்காரர் ரேடியோவை அணைத்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“அந்த ரெண்டு இடம் யாருக்குப் போச்சுங்க?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“பத்துக் காட்டுனவங்களுக்கு. ஒருத்தருக்கு வயித்துல கல்லு. இன்னொருத்தருக்கு ஒண்ணுமில்ல, வெறும் வாயு.”

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு கூட்டம் முழுக்கப் பொய் சொல்லும் என்று நம்பி நான் போட்டுக்கொடுத்த தராசு அது. அதில் உண்மையை வைத்தால் எடை குறைவாகத்தான் காட்டும். முத்திரை ஆய்வாளர் மகள் அதில் போய் நின்றாள்.

தபாலில் ஒரு வாழ்த்து அட்டை வந்தது. காப்பீட்டுக்காரர்கள் அனுப்பியது. ‘திருமதி சுகந்தி சென்னியப்பன். சென்ற நலப் பரிசோதனையில் புகார் ஏதுமில்லை. உங்கள் ஆரோக்கியத்துக்குப் பாராட்டுகள்.’ நிறைமதி அதைப் படித்துவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பம்பு ‘கீங், கீங்’ என்று இரண்டு தடவை கத்திவிட்டு, தேவையான மருந்தைச் செலுத்திவிட்டு, அடங்கியது.

தை பிறந்ததும் என் பரிசோதனை. நான் தூங்கி மூன்று மாதமாகியிருந்தது. சோறு இறங்குவதில்லை. எல்லாமே ஏழாம் எண்ணுக்கு உரிய விஷயங்கள்.

டாக்டர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பெட்டி பேசியது. நல்ல இனிமையான பெண் குரல் அதற்கு.

“வணக்கம். குடும்பத்தில் சென்ற ஆண்டுக்குப் பிறகு ஏதேனும் மாற்றம் உண்டா?”

“ஒருத்தர் கொறஞ்சிருக்குதுங்க.”

“பதிவுசெய்யப்பட்டது. உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?”

“நல்லா இருக்கறனுங்க.”

“உறக்கம்?”

“வருதுங்க.”

“பசி?”

“நல்லாப் பசிக்குதுங்க.”

பச்சைக் கரைத் துண்டை மேசைமேல் விரித்தேன். துவைக்கவில்லை. டாக்டர் நாடி பார்ப்பதுபோல் கையை உள்ளே நீட்டினார். நான் ஆள்காட்டி விரலைப் பிடித்தேன்.

ஸ்கேன் எனக்கு வேண்டாம். அவருடைய பன்னிரண்டில் ஒன்றை நான் எடுக்கப் போவதில்லை. ஆனால் கேட்டுக்கொள்ள இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. என்னை விட்டால் இருபது காட்டுவேன், இருநூறு காட்டுவேன், கூட்டிக் கேட்டே வளர்ந்த கை. அதை அடக்கி, உள்ளது எத்தனை என்று எனக்குள் தேடிப் பார்த்தேன்.

ஐந்தைப் பிடித்தேன். விட்டேன். நான்கைப் பிடித்தேன். கட்டைவிரலைத் தொடவில்லை.

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். துண்டுக்கு அடியில் அவர் விரல்கள் நகர்ந்தன. ஐந்து. விட்டு, நான்கு.

பாதி வெட்டவில்லை. மூன்றில் ஒரு பங்காக்கவில்லை.

“புகார் ஏதுமில்லை. ஒன்றாம் எண்” என்றது பெட்டி. டாக்டர் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒன்பது நிமிடத்தில் இன்னும் நான்கு நிமிடம் பாக்கியிருந்தது.